இழுத்தால் இருமும், எழும்பாது

இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிரட்டுக்களம் கூடும் நேரத்தில், பேர் வாசிக்கும் குரலோடு இன்னொரு சத்தமும் கேட்கும். புல்வெட்டு மெசினின் கயிற்றை இழுக்கும் சத்தம். ‘சர்ர்’ என்று ஓர் இழுப்பு, தொண்டையில் சளி கட்டியதுபோல ஓர் இருமல், பிறகு ஒன்றுமில்லை. ஐந்தாவது இழுப்பில் ஆள் ஸ்வெட்டரைக் கழற்றுவார். பத்தாவதில் மெசினைத் திட்டுவார். இருபதாவதில் அதை வாங்கிக் கொடுத்தவர்களைத் திட்டுவார். அதற்குள் மற்றவர்கள் மலை ஏறிப் போயிருப்பார்கள்.

இதே சத்தம் ஏறத்தாழ பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டொரன்டோவின் ஸ்காபரோவிலும் கேட்கிறது. அங்கே டிசெம்பரில் முதல் பனி கொட்டிய காலையில், வாசலை மூடிய பனியை வாரி எறியும் ஸ்னோ ப்ளோவரைக் கராஜிலிருந்து இழுத்து வந்து கயிற்றோடு மல்லுக்கட்டும் தமிழர்கள் இருக்கிறார்கள். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் தன் பனிவாரி இயந்திரத்தை 1927இல் மொன்றியல் அருகேயுள்ள ஊட்ரமோன் நகரசபைக்கு விற்றார். அது லொறியில் ஏறிப்போகும் பிரமாண்டம். வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டு போகும் சிறு வடிவம் 1950களில்தான் பரவியது. பழைய ஸ்னோ ப்ளோவர்கள் பலவற்றில் இருப்பது டெகம்சே நிறுவனத்தின் எஞ்சின். அந்த நிறுவனம் 2008இல் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது.

மஸ்கெலியாவில் பனி கொட்டுவதில்லை. ஆனால் ஸ்னோ ப்ளோவருக்குள் இருக்கும் எஞ்சினும், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு கடைக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக் கிடக்கும் ஜெனரேட்டரின் எஞ்சினும் ஒரு தாய் பிள்ளைகள். ஒரு சிலிண்டர், ஒரு பிளக், ஒரு காபரேட்டர், இழுக்க ஒரு கயிறு. இரண்டுக்கும் வரும் வியாதியும் அநேகமாக ஒன்றே. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. பருவக் கடைக்காரரின் ஜெனரேட்டர் மே முதல் டிசெம்பர் வரை தூங்குகிறது. கனடாக்காரரின் ஸ்னோ ப்ளோவர் ஏப்ரல் முதல் நவெம்பர் வரை தூங்குகிறது. மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தச் சிறு எஞ்சின்கள் மலையகத்துக்குள் வந்து குவிந்த கதையில் 2015ஆம் ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆண்டு கிளைபோசேட் களைகொல்லி நாட்டில் தடை செய்யப்பட்டது. அதுவரை முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடித்த வேலை ஒரே உத்தரவில் நின்றது. களை நிற்கவில்லை. பழைய சொரண்டியைத் திரும்ப எடுக்க ஆள் பலம் போதவில்லை. பாதை ஓரம், கான் ஓரம், தரிசு, மீள்நடுகைக்கு விட்ட நிலம் என்று எல்லாவற்றுக்கும் புல்வெட்டு மெசின் வந்து சேர்ந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டபோது மெசின்கள் ஏற்கெனவே ஸ்டோருக்குள் குடியேறிவிட்டன. பின்னாலேயே கொழுந்து வெட்டும் மெசின், கவ்வாத்து மெசின், தண்ணீர்ப் பம்பு. ஜப்பானில் தேயிலையின் பெரும்பகுதியை மெசின்தான் பறிக்கிறது. இருவர் இரு பக்கமும் பிடித்து நிரையின் மேலாக நடத்திச் செல்லும் ஒச்சியாய், கவாசாகி வகை மெசின்கள் அங்கிருந்து வந்தவை. 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பறிப்பை இயந்திரமாக்குவது பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது. மெசின் பறித்த கொழுந்தின் தரம் பற்றிய சண்டை தனி. இங்கே பேச்சு, அந்த மெசின் காலையில் எழும்புமா என்பது மட்டுமே.

எழும்பாத மெசினைச் சுற்றி நிற்கும் கூட்டத்திடம் காரணம் கேட்டால் ஐந்து தீர்ப்புகள் வரும். ‘சைனா சாமான்’ என்பது முதலாவது. ‘குளிரும் மூட்டமும்’ என்பது இரண்டாவது. ‘மேட்டு ஊர், காத்து மெலிசு’ என்பார் கொஞ்சம் படித்தவர். ‘பெற்றோல் சரியில்லை’ என்பார் பட்டறை பாஸ். ‘ஆளுக்கு ஓட்டத் தெரியல்ல’ என்பார் மெசினைத் தொடாதவர். ஐந்திலும் உண்மை இருக்கிறது. ஐந்தும் சம அளவில் இல்லை.

சைனா வாதத்தை முதலில் தள்ளி வைக்கலாம். இன்று கடைகளில் கிடைக்கும் மலிவு எஞ்சின்கள் பல, மிட்சுபிஷியின் டிஎல், கவாசாகியின் டிடி, ஹொண்டாவின் ஜிஎக்ஸ் ஆகிய புகழ்பெற்ற குடும்பங்களைப் பார்த்துச் செய்த நகல்கள். ரப்பர் குழாய் சீக்கிரம் வெடிக்கும், காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைக்கும், பற்றவைப்புக் கொயில் ஆயுள் குறையும். உண்மைதான். ஆனால் நகலாக இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒன்றின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஹட்டன் கடையில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நிச்சயம் கிடைக்கும். அசல் ஜப்பான் மெசினுக்குப் பாகம் தேடி மாதக் கணக்கில் அலைந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

குளிர்? மஸ்கெலியாவின் தை மாதக் காலைக் குளிர் மனிதனுக்குத்தான் குளிர். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் டொரன்டோவில் எழும்பும் எஞ்சினுக்கு, இங்குள்ள விடியற்காலை வசந்த காலம். குளிரில் பெற்றோல் ஆவியாவது மந்தப்படும் என்பதால்தான் சோக் என்ற மூடி இருக்கிறது. காற்றைக் குறைத்து, பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது அதன் வேலை. அதற்குமேல் குளிர் எதையும் செய்வதில்லை.

ஈரம் வேறு விஷயம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிக் கொட்டும் நாடு இது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூட்டம் இறங்கினால் லயத்துச் சுவரே வியர்க்கும். பாதி காலியான டாங்கிக்குள் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் நீராவி இருக்கிறது. இரவில் தகரம் குளிர்ந்ததும் அது உள்ளே துளியாகப் படிகிறது. தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். அடியில் போய் உட்காரும். காபரேட்டரின் கிண்ணம் டாங்கியைவிடத் தாழ்வாக இருப்பதால் கடைசியில் அங்கேதான் சேரும். பெற்றோல் பாயும் ஜெட் என்ற துளைக்கு முன்னால் ஒரு முத்துத் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தால் எந்த ஜப்பான் எஞ்சினும் எழும்பாது.

உயரத்தைப் பற்றிய வாதம் கணக்கோடு வருவதால் கேட்க நன்றாக இருக்கும். மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஹொண்டாவின் கையேடு சொல்லும் கணக்குப்படி, ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சிறு எஞ்சினின் வலு ஏறத்தாழ மூன்றரை வீதம் குறையும். அப்படியானால் கொழும்பில் இருக்கும் பலத்தில் ஏழில் ஒரு பங்கு இங்கே இல்லை. காற்று மெலிவதால் அதே ஜெட் வழியாக வரும் பெற்றோல் விகிதத்தில் கூடிப்போகிறது, பிளக் கறுக்கிறது. ஆனால் ஜெட்டை மாற்றும்படி அதே கையேடு சொல்வது 1,500 மீற்றருக்கு மேலே தொடர்ந்து ஓடும் எஞ்சினுக்குத்தான். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாக்காரர் யோசிக்கவேண்டிய காரியம் அது. மஸ்கெலியாவில் உயரம் மெசினைக் களைக்க வைக்கும், படுக்க வைக்காது.

எஞ்சியிருப்பது பெற்றோலும் ஆளும். இங்கேதான் பாஸ்மார் சொல்வது சரி.

பெற்றோல் பழுதாகும் பொருள் என்பது பலருக்குப் புதுச் செய்தி. மண்ணெண்ணெய் மாதிரி மூலையில் வைத்தால் கிடக்கும் என்று நினைக்கிறார்கள். பெற்றோல் ஒரே திரவமல்ல, பல நூறு சேர்மங்களின் கலவை. அதில் இலகுவானவை முதலில் பறந்துவிடும். எஞ்சின் குளிரில் பற்றிக்கொள்ள உதவுவதே அந்த இலகுவானவைதான். மிச்சம் இருப்பது காற்றோடு கலந்து மெல்லக் கெட்டு, பிசினாகிறது. மூடிய கானில் சில மாதம் தாங்கும். காபரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் ஒரு கரண்டிப் பெற்றோல், ஒரு மாதத்துக்குள்ளேயே பழுதாகத் தொடங்கலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். எட்டு மாதம் கிடந்த கிண்ணத்தைக் கழற்றினால் வருவது பெற்றோல் வாசமல்ல; புது அலுமாரியின் வார்னிஷ் வாசம். அடியில் பலாப்பால் போல ஒரு பழுப்புப் பசை. நடுவில் நிற்கும் பித்தளை ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒரு பொட்டு ஒளி தெரியவேண்டும். பிறையாகத் தெரிந்தாலும் சரியில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் கயிற்றை ஆயிரம் முறை இழுத்தாலும் பலனில்லை.

இந்த இடத்தில் பட்டறைகளில் நடக்கும் ஒரு பாவத்தைச் சொல்லத்தான் வேண்டும். சைக்கிள் பிரேக் வயரின் ஓர் இழையைப் பிரித்து ஜெட்டுக்குள் விட்டுக் குடைவார்கள். மெசின் அன்றைக்கு ஓடும். ஆனால் பித்தளை மென்மையானது, உருக்கு இழை அதைச் சீவிவிடும். துளை பெருத்துவிட்டால் பெற்றோல் கூடும், பிளக் கறுக்கும், ஆறு மாதத்தில் ‘பிளக் நிக்குதில்ல’ என்ற புது முறைப்பாட்டோடு அதே மெசின் திரும்பி வரும். காபரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, காற்றழுத்தத்தில் ஊதுவதே முறை. அவசரத்துக்குத் தூரிகையின் நைலோன் மயிர் போதும்.

டூ ஸ்ட்ரோக் மெசினில் இந்தக் கதை இன்னொரு மடங்கு சிக்கல். அதில் பெற்றோலோடு ஒயிலும் கலந்திருக்கிறது. பெற்றோல் பறந்ததும் ஒயில் மட்டும் மிஞ்சி, காபரேட்டரின் சவ்வில் பச்சையாகப் படிந்து இறுகும். சவ்வு துடித்தால்தான் பெற்றோல் உறிஞ்சப்படும். விறைத்த சவ்வு துடிக்காது. அளவு தவறுவதும் சர்வசாதாரணம். 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. எதைக் கலக்கவேண்டும் என்பது மெசினின் கையேட்டில் இருக்கும். கையேடு பெட்டியோடு போயிருக்கும். கூட்டி ஊற்றினால் சைலன்சர் வாயிலுள்ள வலையில் கரி அடைத்து மூச்சு முட்டும். ஊற்றாமலே விட்டால் பிஸ்டன் இறுகிவிடும். முச்சக்கர வண்டிகள் டூ ஸ்ட்ரோக்காக ஓடிய காலத்தில் இந்தக் கலவைக் கணக்கு ஒவ்வொரு சந்திக்கும் தெரிந்திருந்தது. 2008இல் அவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு தொழில் பழகிய இளம் மெக்கானிக்குகளின் கை, போர் ஸ்ட்ரோக்கில் பழகிய கை.

2022ஆம் ஆண்டு இந்தப் பிரச்சினையை நாடளாவிய பரிசோதனையாக நடத்திக் காட்டியது எனலாம். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கையில் காசிருந்த கடைக்காரர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை வந்தது. வாகனங்களுக்கு முதலில், ஜெனரேட்டர், புல்வெட்டு மெசின் போன்றவற்றுக்குப் பின்னால். அந்த மாதங்களில் பெற்றோல் கிடைத்தவர்கள் அதைக் கானிலும், சோடாப் போத்தலிலும், படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள். லயத்துக் காம்பராவில் அடுப்புக்கு நாலடி தள்ளிப் பெற்றோல் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை விலக்கப்பட்டது, மின்வெட்டும் ஓய்ந்தது. ஜெனரேட்டர்கள், டாங்கியில் பாதிப் பெற்றோலோடு, அப்படியே மூலைக்குப் போயின. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த கைங்கரியம் என்று சொல்லப்பட்ட கோளாறில் நாடே இருண்டபோது, அவற்றில் எத்தனை முதல் இழுப்பில் எழும்பியிருக்கும் என்பது ஒரு நல்ல கேள்வி.

(எல்லை தாண்டினால் நிலைமை இன்னும் சுவாரசியம். இந்தியாவில் 2023 முதல் 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்துவிட்டது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும். வால்பாறையின் மழைக்குள் ஒரு பழைய கொழுந்து மெசினை ஆறு மாதம் சும்மா வைப்பவருக்கு மஸ்கெலியாக்காரரைவிட ஒரு தலைவலி கூடுதல்.)

இனி, நல்ல பாஸ் ஒருவர் எழும்பாத மெசினை எப்படிக் கையாளுகிறார் என்பது. கொண்டுவருபவர் முதலில் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: “பாஸ், நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு.” இந்த ‘நேத்து’ போன தீபாவளியாகவும் இருக்கலாம். பாஸ் அதைக் காதில் வாங்குவதில்லை. டாங்கி மூடியைத் திறந்து முகருகிறார். பிறகு பிளக்கைக் கழற்றுகிறார்.

பிளக் ஒரு மருத்துவ அறிக்கை. இருபது இழுப்புக்குப் பிறகும் அது காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே வரவில்லை: குழாயா, வடிகட்டியா, டாங்கி மூடியின் காற்றுத் துளையா, ஜெட்டா என்று பின்னோக்கித் தேடவேண்டும். ஈரமாக இருந்தால் பெற்றோல் வந்திருக்கிறது, பொறி இல்லை, அல்லது இழுத்து இழுத்து மூழ்கடித்துவிட்டார்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் போட்டு இழுப்பவர்கள் செய்வது இதைத்தான். கறுத்துப் பிசுபிசுத்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கும். காய்ந்த பிளக்குக்கு ஓர் எளிய விசாரணை உண்டு. துளை வழியாக நாலைந்து சொட்டுப் புதுப் பெற்றோல் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி இழுப்பது. இரண்டு விநாடி உறுமி நின்றுவிட்டால் பொறியும் அழுத்தமும் நிரபராதிகள், குற்றவாளி காபரேட்டர். மெசினுக்கு வைத்தியம் பார்க்கும் கலையில் இதைப்போலச் செலவில்லாமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை.

ஈரமான பிளக்குக்கு விசாரணை வேறு. பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் விலாவில் ஒட்டிப் பிடித்து இழுத்தால் இடைவெளியில் நீலப் பொறி குதிக்கவேண்டும். ஜிஎக்ஸ் வகைக்கு அந்த இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். சிலிண்டர்த் துளைக்கு அருகில் இதைச் செய்தால் உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும், தள்ளிப் பிடிக்கவேண்டும். பொறி இல்லையென்றால் பலர் உடனே கொயிலுக்குக் காசு கொடுக்கிறார்கள். அவசரம். புல்வெட்டு மெசினில் நிறுத்தும் ஸ்விட்ச் கைப்பிடியில் இருக்கிறது. அதிலிருந்து எஞ்சின் வரை நீண்ட குழாயோடு ஒரு மெல்லிய வயர் வருகிறது. தோளில் தொங்கி, தேயிலைத் தூரில் உரசி, அந்த வயரின் தோல் எங்காவது கிழிந்து குழாயைத் தொட்டால், ஸ்விட்சை ‘ஓப்’ செய்ததற்குச் சமம். எஞ்சின் பக்கத்தில் அந்த வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐந்து ரூபாய் டேப்பில் தீரும் வியாதி.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு மாயமும் உண்டு. ஹொண்டா வகைப் போர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் குறைந்தால் பற்றவைப்பைத் துண்டிக்கும் காவல்காரன் இருக்கிறான். சமதரையில் அவன் ஒழுங்காக வேலை செய்வான். நல்லதண்ணிச் சரிவில் ஜெனரேட்டரைச் சாய்த்து வைத்தால், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க, இல்லாத தட்டுப்பாட்டை அவன் இருக்கிறதென்று நம்பிவிடுவான். பொறி வராது. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்து மட்டமான தரையில் வைத்ததும் முதல் இழுப்பில் எழும்பும். பாஸுக்குக் கைராசி என்று பெயர் வரும்.

பொறியும் பெற்றோலும் சரியாக இருந்தும் எழும்பாவிட்டால்தான் நிலைமை கவலைக்கிடம். கயிற்றுப் பிடியைக் கையில் பிடித்து மெசினைத் தொங்கவிட்டால், அழுத்தம் உள்ள எஞ்சின் விக்கி விக்கி மெல்ல இறங்கும். சரசரவென்று கீழே வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கச் சுவரில் நெடுங்கோடுகள் தெரியும். ஒயில் கலக்காமல் ஓடியதன் வாக்குமூலம் அது. சைலன்சரைக் கழற்றும்போது உள்ளே மண்குளவி கட்டிய கூடு கிடைப்பதும் உண்டு. மாதக் கணக்கில் அசையாத மெசின் அதற்கும் ஒரு வீடு.

இப்படிப் பார்த்து வந்தால், பட்டறைக்கு வரும் கோளாறுகளில் ஓடும்போது உண்டானவை குறைவு. சும்மா கிடந்தபோது உண்டானவையே அதிகம். ஆனால் ஓட்டியவரைத்தான் விசாரிக்கிறார்கள்; கிடக்க விட்டவரை யாரும் விசாரிப்பதில்லை. தோட்டத்து மெசினுக்கு இது இன்னும் பொருந்தும். கவ்வாத்துக் கத்தி ஆளுக்கு ஆள் சொந்தம். பிடி எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே இன்னாருடையது என்று சொல்வார்கள். தீட்டாமல் யாரும் செருகுவதில்லை. மெசின் ஸ்டோருக்குச் சொந்தம். காலையில் ஒருவர் எடுப்பார், மறுநாள் வேறொருவர். மழை பிடித்தால் மூன்று வாரம் யாரும் எடுக்கமாட்டார். டாங்கியை வடிக்கவேண்டியது எவருடைய பேரிலும் எழுதப்படவில்லை. வடித்துக் கழுவும் அரை மணித்தியாலத்துக்கு நாள் கணக்கில் இடமுமில்லை. கணக்குப் புத்தகத்தில் புதுக் காபரேட்டருக்கு ஒரு வரி இருக்கிறது, பழையதைக் கழுவுவதற்கு வரி இல்லை.

நல்லதண்ணியில் சொந்தக் காசில் ஜெனரேட்டர் வாங்கிய பருவக் கடைக்காரர்களில் சிலர் வேறு மாதிரி. வெசாக் முடிந்து கூட்டம் கலைந்ததும், தகரக் கூரையைப் பிரிக்கும் முன், பெற்றோல் குழாயின் திருகை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கிண்ணம் வற்றி, அது விக்கி, தானாக அடங்கும். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை ஒரு முறை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டி, சைலன்சர் வாயில் ஒரு துணியைத் திணிப்பார்கள். டாங்கியில் மிச்சமிருப்பதை உறிஞ்சி எடுத்து ஒரு கானில் விடுவார்கள். சாமான்களை மஸ்கெலியாவுக்கு ஏற்றிப் போக வந்து நிற்கும் முச்சக்கர வண்டியின் டாங்கிக்குள் அந்தப் பெற்றோல் போய்விடும். கூலியில் அது கழியும்.